பணத்தைப் படம் பிடிப்பவர்கள்

பணம் கேமராவில் சுலபமாகச் சிக்காது. நோட்டுக் கட்டைக் காட்டலாம், சிவப்பும் பச்சையுமாக ஓடும் திரையைக் காட்டலாம். ஒருவர் பையிலிருந்த காசு இன்னொருவர் பைக்கு எப்படிப் போனது, ஏன் போனது என்று காட்டுவதுதான் கஷ்டம். அதைக் காட்டிவிட்ட ஆவணப்படங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தேடித் தேடிப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

எங்கள் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தோடுதான் பொழுது விடியும். தமிழும் தெலுங்கும் கலந்து கணக்குப் பேசுகிற ஊர்கள். பங்குச் சந்தை என்றால் முகம் சுளிப்பவர்கூட நூல் விலையை விரல் நுனியில் வைத்திருப்பார். 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு விலை ஏறினால் நூல் ஏறும். லுங்கி விலை அதே வேகத்தில் ஏறாது. நடுவில் நசுங்குவது கூலி. இந்த மக்களோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எர்வின் வாகன்ஹோஃபர் 2008-ல் எடுத்த ‘லெட்ஸ் மேக் மணி’ எவ்வளவு நல்ல படம் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

வாகன்ஹோஃபர் ஆஸ்திரியாக்காரர். கானா நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் ஆரம்பித்து சிங்கப்பூர், சென்னை, ஜெர்சி தீவு, ஸ்பெயினில் ஆள் குடியேறாமல் கிடக்கும் வீட்டு வரிசைகள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறார். விளக்கம் சொல்லும் பின்னணிக் குரல் கிடையாது. முதலீட்டாளரும் பேசுகிறார், கல் உடைப்பவரும் இருக்கிறார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இயக்குநர் ஒதுங்கிக்கொள்கிறார். புர்கினா ஃபாஸோவில் பருத்தி எடுக்கும் கட்டம் வந்ததும், எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் பெரியவர், “தம்பி, அங்க நிறுத்து” என்றார். உறைந்து நின்ற படத்தில், காயிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் விரல்களை ரொம்ப நேரம் பார்த்தார். “கையால எடுத்த பஞ்சு, தூசி இருக்காது. இதுக்கு என்ன ரேட்டு போட்டாங்க?” என்று கேட்டார். அமெரிக்கா தன் விவசாயிகளுக்குக் கொட்டிக் கொடுக்கும் மானியத்தால் உலகச் சந்தையில் விலை சரிகிறது, அதுதான் இவர்கள் தலையில் விடிகிறது என்று படம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். “அப்ப விலைய அங்கயே முடிச்சிடறாங்க. எடுக்கறவனுக்கும் தெரியாது, நெய்யறவனுக்கும் தெரியாது” என்றார். ஒரு பொருளாதார வகுப்பில் ஒரு மாதம் ஆகிற விஷயம் அந்தக் கட்டத்தில் நடந்துவிட்டது.

இதே பருத்தியின் மறுமுனையில் இருந்து வந்தவர் பால் டியூடர் ஜோன்ஸ். பருத்தி வியாபாரத்துக்குப் பேர்போன மெம்பிஸ் ஊர்க்காரர், தொழில் பழகியதும் பருத்தி முன்பேர வணிகத்தில்தான். அவரை வைத்து 1987-ல் வந்த ‘டிரேடர்’, இந்த வகைப் படங்களை ரசிப்பவர்கள் இன்றும் தேடி அலையும் படம். போனைக் காதில் வைத்தபடி அறைக்குள் நடக்கிறார், கத்துகிறார், விலை ஒரு படி நகர்ந்ததும் முகமே மாறிவிடுகிறது. அவர் கூட்டாளி பீட்டர் போரிஷ் 1920களின் சந்தை வரைபடத்தின் மேல் 1980களின் வரைபடத்தைப் பொருத்திப் பார்த்து, பெரிய சரிவு வரப்போகிறது என்கிறார். படம் பிடித்து முடித்த பிறகு, 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குக் குறியீடான டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 508 புள்ளிகள், 22.6 சதவீதம், விழுந்தது. ஜோன்ஸ் அந்தச் சரிவில் பெரும் லாபம் பார்த்தார். இதை மட்டும் வைத்து அந்தப் படத்தைக் கொண்டாடுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஜோசியம் பலித்ததில் கலை ஒன்றும் இல்லை. தவறான பக்கம் நின்றுவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் ஒரு மனிதன் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறான் என்பதை அவன் உடம்பிலேயே காட்டியதுதான் அந்தப் படத்தின் சாதனை.

கேள்வி கேட்கும் கலைக்கு 2010-ல் வந்த சார்லஸ் ஃபெர்குசனின் ‘இன்சைட் ஜாப்’. 2008 நிதி நெருக்கடியைப் பற்றிய, ஆஸ்கர் வாங்கிய படம். அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழுவில் இருந்த ஃபிரடெரிக் மிஷ்கின், ஐஸ்லாந்தின் வர்த்தகச் சபையிடம் 1,24,000 டாலர் வாங்கிக்கொண்டு 2006-ல் அந்நாட்டு நிதித்துறை உறுதியாக இருப்பதாக அறிக்கை எழுதியவர். இரண்டே வருடத்தில் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தன. ஃபெர்குசன் குரலை உயர்த்தாமல் கேட்கிறார்; எதிரே இருப்பவர் வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறார்; கேமரா வெட்டாமல் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் படம் நிற்கிறது. அந்த நெருக்கடியின் அபாயத்தை 2005-லேயே மத்திய வங்கியாளர்கள் முன்னால் சொல்லி, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பொருளாதார நிபுணர் ரகுராம் ராஜனும் இதில் நிதானமாக வந்து பேசிவிட்டுப் போகிறார்.

அலெக்ஸ் கிப்னியின் ‘என்ரான்’ படத்தில் (2005), கலிஃபோர்னியா இருட்டில் கிடந்தபோது மின்சாரம் விற்ற அந்த நிறுவனத்து ஆட்கள் சிரித்துப் பேசிய தொலைபேசிப் பதிவுகள் அப்படியே வருகின்றன. குரல் மட்டும்தான்; வயிறு கலங்கிவிடும்.

நம் பக்கம் இந்த வரிசையில் வைக்க என்ன இருக்கிறது? நெட்ஃபிளிக்ஸில் 2020-ல் வந்த ‘பேட் பாய் பில்லியனர்ஸ்’ மல்லையா, நீரவ் மோடி, சுப்ரதா ராய் என்று பெரிய தலைகளோடு நின்றுவிட்டது. தமிழில் செல்பேசியைத் திறந்தால் பங்கு விலையைக் காட்டும் மெழுகுவத்தி வரைபடம், ‘இந்த வாரம் எதை வாங்கலாம்’ என்ற கூவல். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஒரு கோடியில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் முகத்தைக்கூட ஒரு நல்ல தமிழ்ப் படத்தில் நான் பார்த்ததில்லை.

கேமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். ஒரு கண்டிப் பஞ்சைப் பின்தொடருங்கள்: கமிஷன் மண்டி, நூற்பாலை, நூல் கடை, எங்கள் ஊர்த் தறி, லுங்கி வியாபாரி. ஒவ்வொரு இடத்திலும் “எவ்வளவு கொடுத்தீங்க, எவ்வளவு வாங்கினீங்க” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் ஆகும். எடுத்து முடித்ததும் முதல் காட்சியைப் பள்ளிப்பட்டில் போடுங்கள்.