களவும் காட்சிக்கூடமும்

1860ஆம் ஆண்டு. பீகிங் நகரை அடுத்த யுவான்மிங்யுவான் அரண்மனைக்குள் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் புகுந்தன. அள்ளியது போக எஞ்சியதற்கு ஆங்கிலப் படை தீ வைத்தது. நாகரிகம் கற்பிக்க வந்தோர் நடத்திய பாடம் அது! அங்கே நீரூற்றை அணிசெய்த 12 வெண்கல விலங்குத் தலைகளுள் இரண்டை, பிரான்சு நாட்டுப் பினோ குடும்பத்தார் 2013இல் சீனத்திடம் ஒப்படைத்தனர். ஓர் எலியும் ஒரு முயலும் வீடு திரும்ப 153 ஆண்டுகள்!

அந்நியர் கொடுமை என்று கூறிப் பெருமூச்சு விடுவது எளிது. ஆனால், சீனத்துக்குக் கொள்ளையன் பீரங்கியோடு வந்தான். நமக்கோ, ரசீதோடு வந்தான்!

புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியே மேற்கே செல்லும் சாலை, முதுகுன்றம் என்று முன்னோர் அழைத்த விருத்தாசலத்திற்குக் கொண்டு சேர்க்கும். அவ்வூர்ப் பெருங்கோயிலின் சுவர் மாடத்தில் சோழர் காலச் சிற்பி செதுக்கிய மாதொருபாகன் சிலை நின்றது. ஒரே கல்லில் ஆணும் பெண்ணும் சரிபாதி. என்னே உளியின் திறம்! அச்சிலை 2004இல் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோயிற்று. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். 1970இலேயே டெல்லிக் கடையொன்றில் வாங்கப்பட்டது என்று கூறும் சீட்டும் உடன் சென்றது. பழம்பொருள் காக்கும் சட்டம் வந்தது 1972இல். அதற்கு முந்திய தேதியிட்ட சீட்டுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்.

சீட்டு அவ்வாறு செப்புகிறது. சுவர் என்ன சொல்கிறது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1974ஆம் ஆண்டுப் புகைப்படத்தில், அதே சிலை அதே மாடத்தில் நிற்கிறது! டெல்லியில் விற்ற சிலை, நான்காண்டு கழித்து விருத்தாசலத்தில் நிற்பானேன்? கல்லுக்குக் கால் முளைத்ததோ?

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானில், பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து களவுபோன ஆடவல்லான் வெண்கலச் சிலையையும் கபூரே விற்றார். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் அதற்கு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தது. 2014 செப்டம்பரில் இரு சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. விருத்தாசலத்தின் பிரத்தியங்கிரா சிலை 2016இல் திரும்பியது. 2011இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு, கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்பது காட்சிக்கூடத்தார் வாதம். பத்து ரூபாய் மாட்டை வாங்குகிற உழவனும் அது யார் வீட்டுக் கொட்டிலில் நின்றது என்று விசாரிப்பான். கோடிகளைக் கொட்டுவோருக்குப் புதுச்சேரிக்கு ஒரு கடிதம் எழுத இயலவில்லையா? கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று கேளாதிருப்பது நல்லெண்ணம் ஆகாது.

அவர்களை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கமும் திருப்புவோம். அந்தப் பொய்யை உடைத்த படம் யாருடையது? பிரெஞ்சு நிறுவனத்தாருடையது! கோயில் நிலத்துக்குக் கணக்குண்டு, நகைக்குக் கணக்குண்டு, உண்டியலுக்குக் கணக்குண்டு. சுவரில் நின்ற சிற்பத்துக்கு நாம் வைத்த கணக்கு எங்கே? அண்ணாந்து கும்பிட்டவர் ஆயிரம். அளந்து எழுதி வைத்தவர் எத்தனை பேர்? படைத்த சிற்பியின் பெயரை மறந்தோம். படைப்பின் அடையாளத்தையும் பதியாது விட்டோம். அந்த இடைவெளியில்தான் கள்ளன் நுழைந்தான்.

ஆகவே ஊர்தோறும் ஓர் ஏடு வேண்டும். சிலை ஒவ்வொன்றின் படமும் அளவும் நிற்கும் இடமும் அதில் ஏறவேண்டும். ஒரு படி அவ்வூர் நூலகத்தில் யாவரும் காண இருக்கட்டும். பெட்டகத்துள் பூட்டிய ஏட்டால் பயனில்லை. பலர் பார்க்கும் ஏட்டைப் பொய்ச்சீட்டு வெல்லாது. மீட்ட சிலைக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம், மகிழ்வோம். இன்னும் மாடத்தில் நிற்கும் சிலைகளை எண்ணி எழுதுவதே முதற்கடமை.