பயப்படும் பாலையா

பதினைந்து வயசு மகளோடு கோடை மதியத்தில் பழைய படம் பார்ப்பதில் ஒரு தனி ருசி. மின்விசிறிக் காற்றே சுடுகிறது. தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று. முதலில் போட்டது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’; 1964-இல் வந்தது. “கலர்ல இருக்கேப்பா!” என்றவள் பாதிக் கண்ணைக் கைபேசியிலேயே வைத்திருந்தாள். நாகேஷ் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்ததும் கைபேசி குப்புறக் கவிழ்ந்தது. சத்தங்களையெல்லாம் வாயாலேயே எழுப்பி நாகேஷ் துள்ள, எதிரே பாலையா அதிகம் பேசாமல் கண்ணாலும் தாடையாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயப்படுகிறார். எனக்கு நாகேஷைவிட அந்தப் பயம்தான் பெரிய வித்தை. கேமராவும் அவசரப்படாமல் நிற்கிறது. “இன்னொரு தடவை போடுங்க” என்றாள். அவளாகக் கேட்டது!

அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’. தவிலோடு பாலையாவைக் கண்டதும், “பயந்த தாத்தா!” என்று கத்தினாள். பாட்டு வந்தால் ஓட்டிவிடுகிறவள், மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்குச் சிவாஜியின் கன்னம் உப்புவதையும் விரல்கள் ஓடுவதையும் மாங்காயைக் கடிக்க மறந்து பார்த்தாள். வைத்தி என்ற சூழ்ச்சிக்காரனாக வந்த நாகேஷ்மீது மட்டும் அவளுக்குத் தாங்காத கோபம். “இந்த ஆளையா ரசிச்சேன்?” என்று அன்று ராத்திரிச் சாப்பாடு வரை திட்டிக்கொண்டிருந்தாள்.