கூரையை எண்ணினர், மண்ணை மறந்தனர்!

திருவொற்றியூரும் எண்ணூரும் இன்று ஆலைகளின் ஊர்கள். விக்டோரியா அரசி ஆண்ட நாளில் அவை செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள். வயலும் உப்பளமும் கடலும் சோறிட்ட ஊர்கள். அம்மாவட்டத்தில் பிறர் நிலத்தை உழுது, பிறர் களஞ்சியத்தை நிரப்பி, தன் கலயத்தில் கூழுக்கு ஏங்கிய பண்ணையாளின் குடும்பம் எப்படி வாழ்ந்தது? அறிய விரும்புவோர் கையில் முதலில் அகப்படுவது அரசின் குடிக்கணக்கு. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்போம்.

1871ஆம் ஆண்டு சென்னை மாகாணம் எண்ணப்பட்டது. சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுதிய அறிக்கை 1874இல் வெளிவந்தது. அரிய உழைப்பு, மறுப்பாரில்லை. சாதி, சமயம், தொழில், கல்வி யாவும் அட்டவணைக்குள் அடங்கின. வீடுகளும் எண்ணப்பட்டன: தளம் போட்டவை எத்தனை, ஓடு வேய்ந்தவை எத்தனை, கீற்று வேய்ந்தவை எத்தனை!

பண்ணையாளின் குடில் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? கீற்றென்று குறித்தாயிற்று, கணக்கும் முடிந்தாயிற்று. அந்தக் கூரை நிற்கும் மண் யாருடையது? அதற்குக் கட்டமில்லை!

அதே அரசியின் ஆட்சியில் இங்கிலாந்தைப் பாருங்கள். 1851 முதல் பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு உறவுமுறை, பிறந்த ஊர் என வீடுதோறும் எழுதிய ஏடுகள் காப்பகத்தில் உள்ளன. அங்கே பண்ணைக் கூலியின் வழிவந்தோன் ஏட்டைப் புரட்டித் தன் பாட்டன் வீட்டைக் காணலாம். இங்கோ, வீடுதோறும் எழுதிய தாள்கள் கூட்டல் முடிந்தபின் காக்கப்படவில்லை. தொகை தங்கியது, ஆள் மறைந்தான்.

கார்னிஷைக் கல்நெஞ்சர் எனல் நேர்மையன்று. தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது, 1877இல், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். அது உயிர் தாங்காது என்று வாதாடியவர் இதே கார்னிஷ்தான். 1871இல் ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண மக்கள், 1881இல் 3 கோடியே 8 லட்சமாகச் சுருங்கினர். எனவே, குறை மனிதரிடத்தில் அன்று; கேட்கப்பட்ட கேள்வியில்.

கேள்வி மாறினால் என்ன நடக்கும்? 1891இல் செங்கற்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைபற்றி ஒரு குறிப்பு எழுதினார். அவர் கூரையோடு நிற்கவில்லை. குடியிருக்கும் மனையைப் பற்றியும் ஆராய்ந்தார். மிராசுதாரர் உரிமை கொண்டாடும் மண்ணில் உழைப்பாளியின் குடிசை. எதிர்த்துப் பேசினால் கூலியோடு குடிசையும் போகும்! அந்த அச்சமே அடிமைத்தளையின் பூட்டு என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அடுத்த ஆண்டே, 1892இல், அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதன் விளைவு. அந்நிலத்தில் பெரும்பகுதி பின்னர்க் கைமாறிய கொடுமை வேறு கதை. ஆயினும், மாபெரும் அட்டவணையால் ஆகாததை ஒரு சிறு குறிப்பு செய்தது. அது மண்ணைக் கேட்டது.

அந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. 2011ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கு, கூரை ஓடா, கீற்றா, கான்கிரீட்டா என்று கேட்டது. வீடு சொந்தமா, வாடகையா என்றும் கேட்டது. வீடு நிற்கும் நிலத்துக்குப் பட்டா உண்டா என்று கேட்கவில்லை. வடசென்னையில் பட்டாவுக்காக மனு எழுதி மனு எழுதிக் கை ஓய்ந்தோர் அந்தக் கணக்கில் வெறும் சொந்த வீட்டுக்காரர்!

அடுத்த கணக்கர் கதவைத் தட்டும்போது கூரையைக் காட்டுங்கள். காட்டியபின், "ஐயா, காலடி மண்ணையும் எழுதுக" என்று கேளுங்கள்.