வாக்குத்தத்த அட்டை

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில், டிசம்பர் 31 இரவு பழைய ஆண்டுக்கு நன்றி செலுத்தித் தொடங்கும் ஆராதனை, நள்ளிரவில் ஆலயமணி ஒலிக்கப் புத்தாண்டு வழிபாடாக மாறுகையில், சபையாரின் கைகளுக்கு வந்து சேரும் எளிய பொருள் வாக்குத்தத்த அட்டையாகும். வாக்குத்தத்தம் என்பது கடவுள் மனிதருக்கு அளிக்கும் உறுதிமொழி. அதனைக் கூறும் ஒரே ஒரு வேதவசனமே உள்ளங்கை அளவிலான அவ்வட்டையில் அச்சாகியிருக்கும்.

இதற்கு நெருங்கிய மரபொன்று ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் உண்டு. அங்கு 1728இல், அவ்வூர்ச் சபையை வழிநடத்திய சின்சென்டோர்ஃப் பிரபு அன்றன்றைக்குரிய வாசகத்தைச் சபையாருக்கு வழங்கத் தொடங்கினார். 1731 முதல் ஆண்டு நூலாக வெளிவரும் அவ்வாசகங்களின் தொகுப்பில், பழைய ஏற்பாட்டு வசனங்கள் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

அட்டையின் அழகு அதன் சுருக்கத்தில் உள்ளது. வேதாகமத்தின் தாள்களுக்கிடையிலோ வீட்டுச் சுவரிலோ இடம்பெற்று, நோயிலும் தேர்விலும் பயணத்திலும் திரும்பத் திரும்ப வாசிக்கப்படுவதால், அந்தச் சில சொற்கள் ஆண்டு முழுவதற்குமான தியானமாக விரிகின்றன. அதனை வருங்காலம் உரைக்கும் குறியாகக் கொள்ளாமல், நாள்தோறும் செபத்தில் அசைபோட வேண்டிய அழைப்பாகக் கொள்வதே அதற்குரிய மரியாதையாகும்.