கொசுவும் நிலமும்: வாட்சன் நூலைப் பற்றி

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கங்காணி முறையையும் கப்பற் பயணத்தையும் விரித்துரைப்பர். காய்ச்சலை ஓரிரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். தோட்டங்களில் நம்மவரை மாய்த்த நோய்களுள் முன்வரிசையில் நின்றதோ அந்த மலேரியாக் காய்ச்சலே. அதனை ஊன்றிக் கவனித்து எழுதப்பெற்ற நூல், மருத்துவர் மால்கம் வாட்சன் 1911-இல் வெளியிட்ட 'ஐக்கிய மலாய் நாடுகளில் மலேரியாத் தடுப்பு'. 1921-இல் அதன் இரண்டாம் பதிப்பு விரிவாக வந்தது. ஆங்கிலத்தில் உள்ள இந்நூலைத் தமிழாசிரியர்கள் கற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டுவதில்லை.

வாட்சன் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றது 1901-இல். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டு அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானில் காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நீரை வடித்தனர். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹம் ஆகிய இரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தோர் 1901-இல் 368 பேர்; அடுத்த ஆண்டில் 59; 1905-இல் 45. மாவட்டத்தின் ஏனைய பகுதியிலோ, அதே கால அளவில் 266 என்பது 351 ஆயிற்று.

வேலை நடந்த இடத்தையும் நடவாத இடத்தையும் அருகருகே வைத்துக் காட்டியது ஆசிரியரின் நேர்மை. எனினும் ஒரு தடை எழுகிறது. இவை இறந்தோர் தொகை; ஆயிரம் பேருக்கு இத்தனை என்னும் விகிதம் அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆட்கள் வந்து குவிந்த ஆண்டுகள் அவை. ஆள் கூடினால் சாவும் கூடும் அன்றோ? நகரத்தின் வீழ்ச்சியை இத்தடை அசைக்காது. நாட்டுப்புறத்தின் ஏற்றத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

நூலின் உயிர்நிலை இதற்கப்பால் இருக்கிறது. கடலோரச் சமநிலத்தில் வெற்றி தந்த முறை, குன்றுப் பகுதியில் தோற்றது. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் மிகுந்தது! சமநிலத்தில் நோயைப் பரப்பியது அனாஃபிலிஸ் அம்புரோசஸ். நிழல் படிந்த காட்டுநீரில் முட்டையிடுவது. குன்றில் பரப்பியதோ மாக்குலேட்டஸ். வெயில் விழும் தெளிந்த ஓடையே அதற்கு உகந்தது. காடு அழிந்ததும் முன்னதற்கு வாழ்விடம் போயிற்று. பின்னதற்கு வாழ்விடம் கிடைத்தது. ஆகவே குன்றுகளில் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஊற்றுநீரை மறைவாக வடிக்கும் முறையை வாட்சன் மேற்கொண்டார். எண்ணெய் தெளிப்பதையும் கையாண்டார். தம் பழைய வெற்றியையே ஐயுற்று, நிலத்துக்கு நிலம் வேறு வழி தேடியது அரிய செயல். குறிஞ்சியையும் நெய்தலையும் பிரித்துப் பாடம் நடத்தும் நம்மாசிரியர்க்கு இப்பகுதி தனிச்சுவை தரும்.

இனிக் குறை. தோட்ட முதலாளிகளை இணங்கச் செய்ய வாட்சன் கையிலெடுத்தது பெரிதும் செலவுக் கணக்கு. நோயுற்ற கூலியால் வேலை கெடும். இறந்தவனுக்கு மாற்றாள் வரவழைக்கப் பணம் வேண்டும். வாய்க்கால் வெட்டுவதே மலிவு. பணம் முதலாளியிடம் இருந்ததால் அவன் செவிக்கு ஏறும் மொழியில் பேசினார் என்று அமைதி கூறலாம். ஆயினும் அம்மொழி நூலுக்குள்ளும் புகுந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார். நோயின் கடுமையை அளக்க அது தக்க வழியே. அப்பிள்ளைகளின் தாய்மார் காய்ச்சலை என்னவென்று நினைத்தனர், எதைக் கொடுத்துப் பார்த்தனர், ஏன் மருத்துவமனைக்கு அஞ்சினர் என்பவற்றை அறிய விரும்புவோர் வேறிடந்தான் தேட வேண்டும்.

மலேசியாவில் 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. ஆனால் குரங்குகளிடமுள்ள நோலெசி என்னும் கிருமி காட்டுக் கொசுவின் வழியே மனிதரைத் தாக்கி வருகிறது. இயற்கையாக அது மனிதருக்குத் தொற்றியது முதன்முதலில் அறியப்பட்டது 1965-இல், பகாங்கில். சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலருக்கு அது தொற்றியிருந்ததைப் பல்பீர் சிங்கும் உடனாய்வோரும் 2004-இல் வெளியிட்டனர். அக்கொசுக்கள் காட்டின் நிழலில் வாழ்வன. வாட்சனின் வாய்க்காலும் குழாயும் அங்கே எட்டா. எந்தக் கொசு, எந்த நிலத்தில் என்று அவர் கேட்ட கேள்வியோடுதான் இன்றைய ஆய்வாளரும் அக்காட்டினுள் நுழைகின்றனர்.