அந்த 32
மணிக்கட்டுத் தமனியிலிருந்து ஒரு மில்லி ரத்தம். ஓரிரு நிமிடத்தில் கருவி துப்பும் துண்டுச் சீட்டு. ஏபிஜி, அதாவது தமனி ரத்த வாயுப் பரிசோதனை. பிஎச் 7.02, பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு 32. சர்க்கரை எகிறி, கீட்டோன் அமிலம் ஏறிய நோயாளி. அமிலம் மிகுதி என்று யாரும் சொல்லிவிடலாம். அழகு அந்த 32-ல்தான். இயல்பு 35 முதல் 45. ஆகவே குறைவு, நுரையீரல் வேகமாக மூச்சுவாங்கி ஈடுகட்டுகிறது என்று தோன்றும். இந்த அமில நிலையில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கவேண்டும் என்று சொல்லும் வின்டர்ஸ் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 20, இரண்டு முன்னே பின்னே போகலாம். (மனக்கணக்குதான், கால்குலேட்டர்கூட வேண்டாம்.) இருக்கவேண்டியது 20, இருப்பது 32. அதாவது கார்பன் டை ஆக்சைடு போதுமான அளவு வெளியேறவில்லை. மூச்சுத் தசைகள் ஓய்ந்துவருகின்றன, அல்லது நுரையீரலிலேயே வேறு கோளாறு. தேர்ந்த மருத்துவர் சீட்டை விட்டுவிட்டு, நோயாளியின் கழுத்துத் தசை இழுக்கிறதா என்று பார்க்க ஓடுவார்.