எந்த வகுப்பு?

கடற்கரையை ஒட்டிய நம் ஊரில் ஒரு படக்கொட்டகை இருந்தது. இன்று அது திருமண மண்டபம். திரை தொங்கிய இடத்தில் மணமேடை. தரைச்சீட்டுக்காரர்கள் அமர்ந்த மணல் தரையில் பளிங்குக்கல். பின்சுவரின் உயரத்தில், படப்பொறியின் ஒளி பாய்ந்து வந்த சதுர ஓட்டைகள் மட்டும் அடைபட்டும் மறையாமல் தெரிகின்றன. நண்பர் ஒருவரின் திருமணத்துக்காகச் சென்ற ஆண்டு அங்கே சென்றோம். வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் அன்போடு வரவேற்றார். "இதே இடத்துலதான் தம்பி, தரையில குந்தி எத்தனையோ படம் பாத்திருக்கோம்" என்று பெருமை பேசினார். அடுத்து, "தம்பி எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். பள்ளி ஆசிரியர் என்றோம். அந்த விடை அவருக்குப் போதவில்லை. அவர் கேட்டது தொழிலை அல்ல என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அதே வாசலில் ஒரு காலத்தில் சீட்டு விற்றவர், "எந்த வகுப்பு?" என்று கேட்டிருப்பார். தரையா, பெஞ்சா, நாற்காலியா என்பது அதன் பொருள். இன்றும் அங்கே வகுப்புத்தான் கேட்கப்படுகிறது. ஆனால் இது பிறந்த வகுப்பு. அந்தக் கேள்விக்குச் சில்லறை போதும். இந்தக் கேள்விக்குச் சாதி வேண்டும்.

கொட்டகைகள் மூடப்படும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழக் கேட்கிறோம். "ஐயோ, பொற்காலம் போயிற்றே!" என்பது ஒன்று. "எல்லாம் காலத்தின் கோலம்" என்பது மற்றொன்று. முதல் குரல், போனது இன்னதென்று ஆராயாமல் அழுகிறது. இரண்டாவது, போனதற்குக் காரணம் தேடாமல் விதியின்மேல் பழி போட்டுவிட்டுப் படுத்துறங்குகிறது. பகுத்தறிவாளர்க்கு இரண்டும் ஆகா. எதை இழந்தோம், யாரால் இழந்தோம், எதை இழந்ததற்காக வருந்த வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்ப்பதே நம் வேலை.

கொட்டகை திறப்பதும் மூடுவதும் கைமாறுவதும் புதுமையல்ல. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படப்பொறியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வார்விக் மேஜர் திறந்த எலக்ட்ரிக் தியேட்டர், இரண்டே ஆண்டில் அஞ்சல் துறையின் கைக்குப் போயிற்று. ஆகவே ஒரு கட்டடம் போனதற்காக மட்டும் கண்ணீர் விடுவதில் பொருளில்லை. கட்டடத்தோடு வேறேதும் போயிற்றா என்பதே கேள்வி.

போயிற்று என்கிறார், ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பியின் நூலைப் படித்தவர். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலையை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, காசே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். எண்ணிப் பாருங்கள்: முதல் தமிழ்ப் பேசும் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் 1931 அக்டோபர் 31-இல் திரையேறியது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-இல். மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். ஆண்டவன் சந்நிதி திறக்கத் தயங்கிய கதவை அணாக் காசு திறந்துவிட்டது!

சீட்டு என்ற சிறு காகிதத்தின் வலிமையை நம் மாவட்டம் அதற்கு முன்பே கண்டதுண்டு. தாழ்த்தப்பட்டோரை ஏற்றமாட்டோம் என்று பேருந்து முதலாளிகள் சிலர் செருக்கோடு நின்ற காலத்தில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பவன் சாதி பார்க்கலாகாது என்பது அதன் உட்பொருள். பேருந்தில் சட்டத்தால் வந்த அந்த நீதி, கொட்டகையில் வியாபாரத்தால் வந்தது.

ஆயினும், சிவத்தம்பியின் கருத்தை அப்படியே ஏற்றுத் தலையாட்டிவிடவும் நாம் அணியமாயில்லை. கூரை ஒன்றுதான், தரை ஒன்றாக இருந்ததா? மணலில் அமர்ந்தவனுக்கும் நாற்காலியில் சாய்ந்தவனுக்கும் இடையே தடுப்பு இருந்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இடுப்புயரச் சுவர் இருந்தது. பிறப்பால் தாழ்த்தப்பட்டவனே கையிலும் காசில்லாதவனாக இருந்த நாட்டில், காசுப் பிரிவு பெரும்பாலும் சாதிப் பிரிவின் நிழலாகவே விழுந்தது. 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. அருகருகே அமர்ந்து படம் பார்த்ததனால் மட்டும் மனம் மாறிவிடும் என்றால், அந்தத் தீ எரிந்திருக்காது. கொட்டகை மூன்று மணி நேரம் சாதியைக் கேட்காமல் இருந்தது, அழித்துவிடவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிது என்பதுதான் நம் வழக்கு.

திரையில் காட்டியதையும் மறந்துவிடக்கூடாது. பாமரன் அறிவுக்கு விளக்கேற்றிய படங்கள் சில. புராணப் புளுகை ஒளியும் ஒலியும் கூட்டி ஊட்டிய படங்கள் பல. பூசைமணியும் பக்திப்பாட்டும் ஒலிபெருக்கியில் முழங்கிய பிறகுதான் கூடாரத்தில் ஆட்டம் தொடங்கும். பின்னர் கடவுளின் இடத்தில் நடிகர் நின்றார். பாலாபிஷேகம் மட்டும் மாறவில்லை. இவை போனதற்கு வருந்த வேண்டுமா? வேண்டாம். ஆனால், மூடிய கொட்டகைகளோடு இவை போகவில்லை, கொட்டகைதான் போயிற்று.

இராமநாதபுரத்தார் பெரிய படமாளிகை பார்க்க மதுரைக்குத்தான் போவார்கள். 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட தங்கம் தியேட்டர் அங்கே 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்டது. கோயில் வேண்டாம் என்பதல்ல, கோயில் கொடியவரின் கூடாரம் ஆகிவிடக்கூடாது என்ற வாதத்தை ஆயிரக்கணக்கானோர் ஒருசேரக் கேட்ட மாளிகை அது. இன்று அங்கே துணிக்கடை. துணி வாங்குவதும் நல்லதுதான். ஆனால் அங்கே கூடும் ஆயிரம் பேரும் ஒன்றைக் கேட்கக் கூடுபவர்கள் அல்லர்.

நம் கடற்கரையின் கதை இன்னும் தனியானது. இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் அமைந்தும், அதன் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது. 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கொட்டகைக்கு உரிமம் தருபவர் ஆட்சியர். படமும் மதுரையிலிருந்து, உரிமமும் மதுரையிலிருந்து! படவியாபாரிகள் வாயில் இன்றும் இது 'மதுரை–ராமநாதபுரம் ஏரியா'. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னும் வியாபாரத்தில் பழைய எல்லை சாகவில்லை. இராமேசுவரம் தீவுக்கோ 1988-இல் பாம்பன் சாலைப்பாலம் திறக்கும்வரை ரயிலும் படகும்தான் வழி. படப்பெட்டியும் அவற்றில்தான் வந்தாக வேண்டும். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. ரயில் நிலையமும் கோயிலும் மாதாகோயிலும் ஒரே இரவில் இடிபாடாயின. அங்கே கடல் மூடியது. மற்ற ஊர்களில் கொட்டகையை மூடியது மனிதரின் கணக்கு.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், கடலோர வீடுகளின் ஆண்டெனாக்கள் தென்கிழக்கே திரும்பின. 1993-இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது. படம் கூடத்துக்கே வந்துவிட்டது. பின்னர் பிலிம் சுருள் ஒழிந்து எண்மப் படப்பொறி வந்தபோது, புதுப் பொறிக்குப் பணமில்லாத சிறு கொட்டகைகள் திணறின. 2017 ஜூலையில் சரக்கு–சேவை வரியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர, தமிழ்நாட்டின் திரையரங்குகளே சில நாள் கதவடைத்தன. 2020 மார்ச்சிலும் 2021 ஏப்ரலிலும் கொள்ளைநோய் மூடிய கதவுகள் திறக்க மாதங்களாயின. இடையில் கைப்பேசி வந்தது. ஒவ்வொருவனுக்கும் உள்ளங்கையில் ஒரு கொட்டகை! இதில் விதி எங்கே? கோலம் எங்கே? எல்லாம் கருவி, வரி, முதல், இலாபம்.

மூடாதவை கைமாறின. கைமாறுவது குற்றமல்ல. உமாபதி கட்டிய சாந்தி தியேட்டர் சிவாஜி கணேசன் குடும்பத்தின் கைக்கு வந்து பல்லாண்டு நடந்து, 2016-இல் மூடப்பட்டது. சத்யம் அரங்குகளை நடத்திய நிறுவனத்தை 2018-இல் பி.வி.ஆர். வாங்கியது. உடைமையாளர் உள்ளூர் மனிதரானால், சீட்டு விலை தாளவில்லை என்று அவர் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். உடைமை பங்குச்சந்தையில் இருந்தால் எந்த வாசலில் நிற்பது? சென்னையின் பெரிய அரங்குகளிலும் முன்வரிசையில் பத்து ரூபாய் இருக்கைகள் சில இருந்தன. 2017-இல் கட்டணத்தை மாற்றியமைத்தபோது அவை போயின. தரைச்சீட்டின் கடைசிப் பேரன் அன்று மறைந்தான்.

காசு இருந்தாலும் போதாது என்று காட்டிய நாளும் வந்தது. 2023 மார்ச் இறுதியில் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே மறித்தனர். கண்டனம் எழுந்த பிறகே உள்ளே விட்டனர். அதையும் படத்தின் வயதுச் சான்றிதழைக் காட்டிச் சமாதானம் சொல்லி மூடப் பார்த்தனர். ஜில்லா போர்டு ஆணைக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சீட்டை நீட்டிய கை தட்டப்படுகிறது என்றால், ஒரே கூரை என்ற பெருமையை நாம் இன்னும் முழுதாகச் சம்பாதிக்கவில்லை என்றே பொருள்.

இனி நாம் கேட்க வேண்டுவது என்ன? பழைய கொட்டகையைத் திரும்பக் கட்டு என்றா? அல்ல. மணல் தரையும் மூட்டைப்பூச்சியும் யாருக்கும் வேண்டாம். அந்நியரோடு அருகருகே அமர்ந்து, ஒன்றாகச் சிரித்து, ஒன்றாகக் கலங்கி, வெளியே வந்து வாதாடும் இடம் ஊருக்கு ஒன்று வேண்டும். அதன் வாசலில் பிறப்பைப் பற்றிய கேள்வி கூடாது. நகராட்சிக்கு மண்டபம் உண்டு. பள்ளிக்கு முற்றம் உண்டு. நூலகத்துக்கு அறை உண்டு. ஒரு வெள்ளைத் துணியும் ஒரு படவீச்சுக் கருவியும் இன்று எட்டாத பொருள்கள் அல்ல. திங்களுக்கு ஒரு நல்ல படம்; முடிந்ததும் அரைமணி நேர விவாதம்; ஆணும் பெண்ணும் கலந்த இருக்கை; மீனவர் குப்பத்துப் பிள்ளையும் கடைத்தெருப் பிள்ளையும் ஒரே வரிசை. இதைத் தோழர்கள் தொடங்கலாம். அரசு ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணை வேண்டிய இடம் வேறு: கூடும் இடம் எதுவாயினும், படமாளிகையோ மண்டபமோ, பிறப்பைக் காட்டி மறுத்தால் உரிமம் போகும் என்ற அச்சம் நடத்துபவனுக்கு இருக்க வேண்டும்.

அன்று திருமண வீட்டில் பெரியவரின் கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை. "அய்யா, நீங்கள் தரையில் அமர்ந்து படம் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர் எந்தத் தெரு?" என்று திருப்பிக் கேட்டோம். சற்று நேரம் யோசித்தார். "அது யாருக்குத் தெரியும் தம்பி? இருட்டுல யாரு கேட்டா?" என்றார்.

விளக்கு எரியும்போதும் அப்படிக் கேளாதிருக்கக் கற்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.